உத்தரிக்கிற ஸ்தலம்: இறந்தவர்களுக்காக ஏன் செபிக்கிறோம்?

கத்தோலிக்கர் அல்லாத நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "செத்துப்போனவங்களுக்கு எதுக்குச் செபம் பண்றீங்க? மோட்சத்துல இருந்தா உங்க செபம் தேவையில்ல. நரகத்துல இருந்தா செபம் உதவாது. அப்புறம் யாருக்காக?" நியாயமான கேள்வி. இரண்டே முடிவுகள்தான் உண்டு, இரண்டும் அந்த நொடியிலேயே முற்றுப்பெற்றுவிடுகின்றன என்றால், நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வெறும் நினைவஞ்சலி நாள்தான். ஆனால் அன்று நாம் செய்வது நினைவஞ்சலி மட்டும் இல்லை. கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு, "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று சொல்கிறோம். இறந்தவருக்காகக் கடவுளிடம் ஒன்றைக் கேட்கிறோம். அப்படிக் கேட்க இடமிருக்கிறது என்று சொல்லும் போதனைதான் உத்தரிக்கிற ஸ்தலம்.

இப்போதைய மறைக்கல்விப் புத்தகங்களில் உத்தரிப்பு நிலை என்று போடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் பாட்டிமார் வாயில் புழங்கும் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 1030-இல், இதைச் சில வரிகளில் சொல்லிவிடுகிறது. கடவுளின் அருளிலும் நட்பிலும் இறந்தவர்கள், ஆனால் இன்னும் முழுமையாகத் தூய்மையடையாதவர்கள், மீட்பு உறுதியானவர்களாக இருந்தும், விண்ணக மகிழ்ச்சியில் நுழையத் தேவையான தூய்மையை இறப்புக்குப் பின் பெறுகிறார்கள். இதில் "மீட்பு உறுதியானவர்கள்" என்பதுதான் முக்கியம். உத்தரிக்கிற ஸ்தலத்தை மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் உள்ள ஒரு மூன்றாவது இடமாக, எந்தப் பக்கம் போவோம் என்று தெரியாமல் காத்திருக்கும் இடமாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் மோட்சத்துக்குத்தான் போகிறார்கள். திரும்பிப் போக வழியே இல்லை, திரும்பிப் போக யாருக்கும் ஆசையும் இல்லை.

இது இரண்டாவது வாய்ப்பும் இல்லை. கடவுளை வேண்டாம் என்று கடைசிவரை தள்ளியவர் இறந்தபின் மனம் மாறும் இடம் என்று திருச்சபை ஒருபோதும் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் இறந்த உடனேயே தனித் தீர்வை, அதாவது கடவுளின் தனித் தீர்ப்பு, நடக்கிறது என்பதே அதன் போதனை. ஆகவே இது மறுபிறவியும் இல்லை. நம் ஊர்ப் பக்கம் அகால மரணம் அடைந்தவர் ஆவியாக அலைகிறார் என்று சொல்வார்களே, அதுவும் இல்லை. உத்தரிக்கிற ஆத்துமாக்கள் யாரையும் பிடித்து ஆட்டுவதில்லை. அவர்கள் கடவுளின் கையில் இருக்கிறார்கள்.

சரி, பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, பாவம் மன்னிக்கப்பட்டுவிட்டதே, அப்புறம் எதற்குத் தூய்மை? இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். பத்து வருடம் குடித்தே குடும்பத்தைச் சீரழித்த ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் உண்மையாகவே மனம் திருந்துகிறார். சாமியாரிடம் போய் அழுது பாவசங்கீர்த்தனம் செய்கிறார். மனைவியும் மன்னித்துவிடுகிறாள். மன்னிப்பு முழுமையானது, அதில் பாக்கி எதுவும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் சின்னப் பிள்ளை அடுப்படிக்குள் ஓடி ஒளிகிறது. அவருக்கும் ஒவ்வொரு சாயங்காலமும் கை நடுங்குகிறது. கோபம் வரும்போது பழைய வார்த்தைகள் வாய்க்குள் தயாராக நிற்கின்றன. மன்னிக்கப்பட்ட பாவம் மனிதருக்குள்ளும் மற்றவர்களுக்குள்ளும் விட்டுப்போன கோணல் இது. அது நேராக வேண்டும். நேராகும்போது வலிக்கும். ஆனால் அந்த வலியைத் தண்டனை என்று அவரே சொல்லமாட்டார், குணமாகிறேன் என்றுதான் சொல்வார்.

இந்த நேராகுதல் பூமியிலேயே முடிந்துவிட்டால் மிக நல்லது. புனிதர்கள் என்று நாம் வணங்குகிறவர்களில் பலருக்கு அது இங்கேயே நடந்தது. நம்மில் மிகப் பலர் பாதியில் இறந்துபோகிறோம். அன்பு இருக்கிறது, விசுவாசம் இருக்கிறது, கூடவே பொறாமையும், விட முடியாத வன்மமும், சாகும்வரை பேசாமல் போன தம்பியும் இருக்கிறார்கள். அந்தப் பாதி வேலையைக் கடவுள் அப்படியே விட்டுவிடுவதில்லை என்பதே உத்தரிக்கிற ஸ்தலம் சொல்லும் செய்தி. எனக்கு இது பயமுறுத்தும் போதனையாக ஒருபோதும் பட்டதில்லை. கத்தோலிக்க விசுவாசத்தில் மிக மென்மையான போதனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இந்தப் போதனையைப் புரிந்துகொள்ள அதன் வரலாறு ரொம்ப உதவும். யாரோ இறையியலாளர்கள் உட்கார்ந்து ஒரு கோட்பாட்டை எழுதி, பிறகு மக்களைச் செபிக்கச் சொல்லவில்லை. நடந்தது தலைகீழ். மக்கள் இறந்தவர்களுக்காக முதலிலிருந்தே செபித்தார்கள். அந்தச் செபத்துக்கு அர்த்தம் என்ன என்று யோசித்துத்தான் கோட்பாடு பின்னால் வந்தது.

கிறிஸ்துவுக்கு முன்பே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம். யூதர்களின் படைத்தலைவர் யூதா மக்கபேயின் படையில் சிலர் போரில் விழுந்துவிட்டார்கள். அடக்கம் செய்ய உடல்களை எடுக்கும்போது பார்த்தால், ஒவ்வொருவரின் உள்ளாடைக்குள்ளும் யாம்னியா ஊர் தெய்வங்களின் தாயத்து இருக்கிறது. யூதச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்டது. கடவுளுக்காகப் போராடிச் செத்தவர்கள், ஆனால் நெஞ்சோடு ஒட்டி ஒரு சிலையின் தாயத்து! யூதா அவர்களைச் சபித்து ஒதுக்கவில்லை. எல்லாரும் மன்றாடினார்கள். பிறகு 2,000 வெள்ளிக்காசு தண்டி எருசலேமுக்கு அனுப்பி, பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்கச் சொன்னார். இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்ற நம்பிக்கை இல்லையென்றால் அவர்களுக்காக மன்றாடுவது வீண் என்றும் அந்த நூலே சொல்கிறது. புரட்டஸ்தாந்து சபைகள் இந்த நூலைத் தங்கள் விவிலியத்தில் சேர்ப்பதில்லை. ஆகவே அவர்களோடு பேசும்போது இதைச் சான்றாக வைத்தால் ஏற்கமாட்டார்கள். ஆனால் கிறிஸ்துவுக்கு முந்தைய யூதர்களிடம் இந்த வழக்கம் இருந்தது என்பதற்கு இது வரலாற்றுச் சாட்சி, அதை மறுக்க முடியாது.

அடுத்து 203ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம். பெர்பெத்துவா என்ற இளம் தாய், கைக்குழந்தையோடு, கிறிஸ்தவள் என்பதற்காகச் சிறையில் கிடக்கிறாள். தன் சிறை நாட்களைப் பற்றி அவள் எழுதியது இன்றும் இருக்கிறது. ஒருநாள் செபத்தின் நடுவே, தன்னை அறியாமல் தினோக்கிராத் என்ற பெயர் வாயில் வந்துவிடுகிறது. அவன் அவளுடைய தம்பி. முகத்தில் புண் புரையோடி ஏழு வயதில் இறந்தவன். அன்று இரவு ஒரு காட்சி காண்கிறாள். இருட்டான இடத்திலிருந்து தம்பி வருகிறான், அழுக்காக, வெளிறிப்போய், முகத்தில் அதே புண். அவன் பக்கத்தில் தண்ணீர் நிறைந்த தொட்டி. ஆனால் தொட்டியின் விளிம்பு அவனைவிட உயரம். எம்பி எம்பிப் பார்க்கிறான், எட்டவில்லை. விழித்த பெர்பெத்துவா, தம்பிக்காக இரவும் பகலும் அழுது செபிக்கிறாள். சில நாள் கழித்து மறுபடி காட்சி. இப்போது தம்பி குளித்து நல்ல உடையில் இருக்கிறான். புண் இருந்த இடத்தில் தழும்பு மட்டும். தொட்டியின் விளிம்பு அவன் தொப்புள் உயரத்துக்கு இறங்கியிருக்கிறது. தங்கக் கிண்ணத்தில் ஆசைதீரக் குடித்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் போவதுபோல விளையாடப் போகிறான்.

இந்தக் காட்சியை யாரும் கோட்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிற்காலத்தில் வட ஆப்பிரிக்க ஆயரும் பெரிய இறையியலாளருமான அகுஸ்தினாரே அந்தப் பையனைப் பற்றி விவாதித்திருக்கிறார். நான் கவனிப்பது வேறு: சாகப்போகிற ஒரு பெண், தன் செபம் இறந்த தம்பியைத் தொடும் என்று கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. அதை அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

அகுஸ்தினாரின் தாய் மோனிக்காவும் அப்படித்தான். தகாஸ்தே ஊரில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் தனக்கு இடம் தயார் செய்துவைத்தவர் அவர். 387இல் ரோமுக்குப் பக்கத்தில் ஒஸ்தியா துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்தபோது, இன்னொரு மகன், சொந்த ஊரில் அம்மா கண் மூடினால் நன்றாக இருக்குமே என்று ஏதோ சொல்கிறான். மோனிக்கா அவனைக் கண்டிக்கிற மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒன்றுதான் கேட்கிறேன். நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்." வெளியூரில், வெளிநாட்டில் பெற்றோரைப் புதைத்துவிட்டு, வருடத்துக்கு ஒரு முறைகூடக் கல்லறைக்குப் போக முடியாதவர்கள் இந்த வரிகளை மனப்பாடம் செய்துகொள்ளலாம். இறந்தவருக்குப் பூசை (திருப்பலி) வைப்பது ஏன் என்று கேட்டால் இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது.

புதிய ஏற்பாட்டில் இதற்கு அடிப்படையாகத் திருச்சபை காட்டும் பகுதிகளில் முக்கியமானது கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 3ஆம் அதிகாரம். கிறிஸ்து என்ற அடித்தளத்தின் மேல் ஒருவர் பொன்னால் கட்டலாம், வைக்கோலாலும் கட்டலாம். நெருப்பு அதைச் சோதிக்கும். வைக்கோல் எரிந்துபோனாலும் கட்டியவர் மீட்கப்படுவார், ஆனால் நெருப்பில் அகப்பட்டுத் தப்பியவர்போல் என்கிறார் பவுல். 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்ற சொல் விவிலியத்தில் இல்லை. ஆனால் மீட்கப்பட்ட ஒருவருக்கும் இழப்பும் நெருப்பும் உண்டு என்ற எண்ணம் இருக்கிறது.

வழக்கங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒருவருக்காக 30 நாள் தொடர்ந்து ஒப்புக்கொடுக்கும் கிரகோரியன் பூசை, திருத்தந்தை பெரிய கிரகோரியாரிடமிருந்து வருகிறது. அவருடைய மடத்தில் யுஸ்து என்ற துறவி மூன்று பொற்காசுகளை ஒளித்துவைத்தபடி இறந்துபோனார். அவர் ஆன்மாவுக்காக 30 நாள் இடைவிடாமல் பூசை வைக்கச் சொன்னார் கிரகோரியார். நவம்பர் 2 என்ற நாள் பிரான்சின் குளூனி மடத்தின் தலைவர் ஒதிலோ, 998 வாக்கில், தம் மடங்கள் அனைத்திலும் ஏற்படுத்தியது. முதல் உலகப்போரில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த 1915இல், அந்த நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் அனுமதித்தார்.

இவ்வளவு நீண்ட வழக்கத்துக்குப் பிறகும், திருச்சபை அதிகாரபூர்வமாக வரையறுத்துச் சொன்னது மிகக் கொஞ்சம் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1439இல் பிளாரன்ஸில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கத்தில் கிரேக்கர்களோடு, அதாவது கிழக்குத் திருச்சபையினரோடு, இதைப் பேசி எழுதிய தீர்மானத்தில் நெருப்பு என்ற சொல்லே கிடையாது. கிரேக்கர்கள் இறந்தவர்களுக்காகச் செபிப்பவர்கள்தான், ஆனால் இலத்தீன் மரபின் நெருப்பை ஏற்காதவர்கள். 1563 டிசம்பரில் திரெந்து பொதுச்சங்கம் சொன்னது இரண்டே விஷயங்கள்: உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு, அங்குள்ள ஆன்மாக்களுக்கு நம் மன்றாட்டுகளும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பீடத்தின் பலியும் உதவுகின்றன. கூடவே ஆயர்களுக்கு ஒரு கட்டளை: சாதாரண மக்களிடம் பிரசங்கம் செய்யும்போது, பக்தியை வளர்க்காத நுணுக்கக் கேள்விகளைத் தவிர்க்க வேண்டும்; வீண் ஆர்வத்தையும் மூடநம்பிக்கையையும் கேவலமான பண ஆசையையும் தடுக்க வேண்டும். எவ்வளவு டிகிரி சூடு, எத்தனை வருடம் என்றெல்லாம் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் கட்டளையை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நெருப்பு? மறைக்கல்வி நூல் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை, ஆனால் அது நரகத்தின் தண்டனையிலிருந்து முற்றிலும் வேறானது என்று அழுத்திச் சொல்கிறது. 1999 ஆகஸ்ட் 4 புதன் மறைக்கல்வி உரையில் 2ஆம் ஜான்பால், உத்தரிக்கிற ஸ்தலம் ஓர் இடத்தைக் குறிக்கவில்லை, ஒரு வாழ்வு நிலையைக் குறிக்கிறது என்றார். அவருக்கு ஐந்நூறு வருடம் முன்பே ஜெனோவா நகர கத்தரீன் இதை அழகாகச் சொல்லிவிட்டார். பெரிய மருத்துவமனையில் ஏழைகளையும் கொள்ளைநோய்க்காரர்களையும் பராமரித்தவர், 1510இல் இறந்தார். ஆன்மாவின் மேல் துரு படிந்திருக்கிறது, துரு கரையக் கரையச் சூரிய ஒளி உள்ளே புகுகிறது, ஒளி புகப் புக மகிழ்ச்சி கூடுகிறது என்கிறார். மோட்சத்தின் மகிழ்ச்சியைத் தவிர உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மகிழ்ச்சிக்கு இணையானது வேறில்லை என்கிற அளவுக்குப் போகிறார். மகிழ்ச்சியும் வேதனையும் ஒரே நேரத்தில். நேசிக்கிறவர் முன்னால் நிற்கிறோம், நம் உண்மை நிலையும் நமக்குத் தெரிகிறது. அந்தக் கூச்சமும் ஏக்கமும்தான் வேதனை.

16ஆம் பெனடிக்ட் 2007இல் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், எரிக்கவும் மீட்கவும் செய்யும் அந்த நெருப்பு கிறிஸ்துவே என்று இக்கால இறையியலாளர் சிலர் கருதுவதை எடுத்துக்காட்டி, அதை விரிவாக விளக்குகிறார். கிறிஸ்துவின் பார்வை நம்மைத் தொடும்போது நம்மில் உள்ள பொய் எல்லாம் உருகிப்போகிறது. அந்த நேரத்தை நம் கடிகாரத்தால் அளக்க முடியாது. எனக்கு இந்த விளக்கம் கிடைத்தபின் நெருப்புப் படங்களைப் பார்த்துப் பயப்படும் பழக்கம் போய்விட்டது. அதற்குப் பதில் வேறொரு பயம் வந்தது, நல்ல பயம்: அவர் பார்வை படும்போது எதையெல்லாம் விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. உத்தரிக்கிற ஸ்தலத்தின் பெயரால் பலன்கள், அதாவது மன்னிக்கப்பட்ட பாவத்துக்குப் பாக்கியிருக்கும் தவக் கடனை நீக்கும் சலுகைகள், விற்கப்பட்டன. 1517இல் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய 95 கருத்துகளின் மையமே அந்த வியாபாரம்தான். அப்போது அவர் உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கவில்லை, பிற்பாடுதான் மறுத்தார். வியாபாரத்தைப் பற்றி அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது என்பதை எந்தக் கத்தோலிக்கரும் தயங்காமல் சொல்லலாம். இன்றைய சட்டம் தெளிவானது. பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 947. காணிக்கை கொடுக்க முடியாத ஏழைகளின் கருத்துக்காகவும் (வேண்டுதலுக்காகவும்) பூசை வைக்கும்படி குருக்களை 945ஆம் சட்டம் வலியுறுத்துகிறது. கவரில் எவ்வளவு வைத்தோம் என்பதற்கும் அப்பாவின் ஆன்மாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பழைய செபப்புத்தகங்களில் சில செபங்களுக்குக் கீழே "300 நாள் பலன்" என்று போட்டிருக்கும். உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் குறையும் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். ஆதித் திருச்சபையில் பகிரங்கமாகச் செய்யவேண்டியிருந்த தவ முயற்சியின் 300 நாளுக்கு ஈடானது என்பதே அதன் பொருள். குழப்பம் வேண்டாம் என்று 1967இல் திருத்தந்தை 6ஆம் பவுல் நாள் கணக்கையே எடுத்துவிட்டார்.

பெந்தகோஸ்து சபைக்குப் போகும் நண்பர்கள் வைக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. ஒன்று, சிலுவையில் தொங்கிய நல்ல கள்வனுக்கு இயேசு அன்றைக்கே பேரின்ப வீட்டைத் தந்தாரே? தந்தார். எல்லாரும் கட்டாயம் உத்தரிக்க வேண்டும் என்று திருச்சபை சொல்லவில்லை. இயேசுவின் பக்கத்தில், அதே வேதனையில், தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அவரை நம்பிய அந்த மனிதருக்கு என்ன தூய்மை பாக்கி இருந்திருக்கும்? இரண்டாவது கேள்வி கனமானது: கிறிஸ்துவின் இரத்தம் போதாதா? போதும். அது மட்டும்தான் போதும். உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஆன்மாவைத் தூய்மையாக்குவது ஆன்மாவின் சொந்த முயற்சி இல்லை, அந்த இரத்தம்தான். உயிரோடு இருக்கும்போது நம்மைப் புனிதமாக்குகிற அதே சிலுவை, சாவு குறுக்கே வந்துவிட்டது என்பதற்காகப் பாதியில் நிற்பதில்லை. கிறிஸ்துவின் வேலைக்கு எல்லை போடுகிறது என்று இந்தப் போதனையைக் குறைசொல்கிறவர்களிடம், சாவுதான் அந்த எல்லையா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பங்களுக்கு இந்தப் போதனை எவ்வளவு முக்கியம் என்பதை நம் பங்குகளில் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். அப்படி இறந்தவர்களுக்குச் செபமே இல்லை என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மறைக்கல்வி நூல் 2282, 2283 எண்களில் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கடுமையான மனநோய், வேதனை, அச்சம் ஆகியவை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம். அவர்களின் நிலையான மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது. கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழிகளில் மனம் வருந்தும் வாய்ப்பை அவர்களுக்குத் தரமுடியும். திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது. மகனை அப்படி இழந்த ஒரு தாய், செபத்தில் நினைக்க வேண்டிய இறந்தோரின் நவம்பர் மாதப் பட்டியலில் அவன் பெயரை எழுத யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை எளிமையானவை. இறந்தவரின் நினைவு நாளில் பூசைக் கருத்து கொடுக்கலாம். அது முடியாதவர்கள் எந்தப் பூசையிலும், இறந்தோரை நினைவுகூரும் இடத்தில், மனதுக்குள் பெயரைச் சொல்லலாம். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபித்து, பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, திருத்தந்தையின் கருத்துக்காகவும் செபித்து, பாவத்தின் மேல் எந்தப் பற்றும் இல்லாதிருந்தால், அதன் பரிபூரண பலனை ஓர் ஆன்மாவுக்கு ஒப்புக்கொடுக்கலாம். ஒரு பரலோக மந்திரம் (இயேசு கற்றுத்தந்த செபம்) சொல்வதும் போதும். தர்மம் கொடுப்பதும் செபம்தான்.

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "எங்க தாத்தா பாட்டி எல்லாம் இந்துவாவே இருந்து இறந்தாங்க. அவங்களுக்குப் பூசை வைக்கலாமா?" வைக்கலாம். உயிரோடு இருப்பவரோ இறந்தவரோ, யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 901. தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்கள், கடவுளை நேர்மையான உள்ளத்தோடு தேடி, மனச்சாட்சியின் குரலின்படி வாழ முயன்றால் மீட்பு அடையமுடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சொல்லியிருக்கிறது. பங்கு அலுவலகத்தில் அவர்கள் பெயரை, ஊரில் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே, மாரியம்மாள் என்றோ சுப்பையா என்றோ எழுதிக் கொடுங்கள்.